பிக்கப் பின்னால் அமுங்குகிறதா? பட்டை சேர்க்கும் முன் எடை மேடைக்குப் போங்கள்

பட்டறைப் பக்கம் – வாசகர் கேள்வியும் விளக்கமும்

கொடைக்கானல் கீழ்மலையில் பண்ணைக்காடு பக்கமிருந்து ஒரு விவசாயப் பெண் கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று ஏக்கர் தோட்டம். பெரும்பகுதி சௌசௌ பந்தல், ஓரத்தில் கொஞ்சம் பீன்ஸ். போன வருடம் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். கணவர்தான் ஓட்டுகிறார். வாரம் இரண்டு நடை காய் ஏற்றிக்கொண்டு, மலையிறங்கி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறார்கள்.

வண்டி காலியாக நிற்கும்போது பின்பக்கம் தூக்கலாக இருக்கிறதாம். முப்பது மூட்டை ஏற்றியதும் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டு மூக்கு மேலே பார்க்கிறதாம். இரவில் ஹெட்லைட் வெளிச்சம் சாலையில் விழாமல் மரக்கிளையில் விழுகிறது. தோட்டத்துத் தடத்தில் நடுமேடு வண்டியின் அடியில் இடிக்கிறது. பட்டறையில் கேட்டதற்கு, பின்னால் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டு, முன்பக்கத்தையும் கொஞ்சம் தூக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். கணவருக்கு அதில் விருப்பம். மனைவிக்குத் தயக்கம். போன மாதம் ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மிதித்தும் வண்டி நினைத்த இடத்தில் நிற்கவில்லை, தள்ளிப்போய்த்தான் நின்றது. பட்டை போட்டால் பிரேக்கும் சரியாகிவிடுமா என்பதுதான் கடிதத்தின் கடைசி வரி.

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆகாது. சில வண்டிகளில் பிரேக் முன்பைவிட மோசமாகும். ஏன் என்பதை வரிசையாகப் பார்த்தால் மற்றக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

காலி வண்டியில் பின்பக்கம் ஏன் தூக்கல்?

பிக்கப் வண்டியின் பாரம் பெரும்பாலும் பின் ஆக்சில் மேல்தான் உட்காருகிறது. அதனால் காலியாக இருக்கும்போது பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்தும், அனுமதித்த பாரம் ஏறியதும் ஏறக்குறைய மட்டமாகவும் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். காலி வண்டி பின்னால் தூக்கலாக நிற்பது குறை இல்லை. வண்டி பாரத்துக்குக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். காலியாக இருக்கும்போதே மட்டமாக நிற்க வேண்டும் என்று முன்பக்கத்தைத் தூக்கினால், பாரம் ஏறியதும் மூக்கு இன்னும் மேலே போகும்.

பின்னால் இருக்கும் அமைப்பைப் புரிந்துகொள்வது எளிது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புப் பட்டைகள். அடுக்கில் மிக நீளமானது மெயின் பட்டை. அதன் இரு முனையும் சுருட்டிக் கண் போல் இருக்கும். ஒரு கண் நேராகச் சேஸில் மாட்டியிருக்கும். மற்றது ஷாக்கிள் என்னும் ஆடும் இணைப்பில் தொங்கும். பட்டை நிமிரும்போது நீளும் அல்லவா, அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பது ஷாக்கிள். கண்ணுக்குள் ரப்பர் புஷ். அடுக்கின் நடுவே எல்லாப் பட்டையையும் கோத்து நிற்பது சென்டர் போல்ட். அடுக்கை ஆக்சிலோடு இறுக்கிக் கட்டுவது யு போல்ட். சில வண்டிகளில் காலியாக இருக்கும்போது வேலையே செய்யாத தடித்த பட்டை ஒன்றும் இருக்கும். பாரம் ஏறி மற்றப் பட்டைகள் நிமிர்ந்த பிறகுதான் அது தோள் கொடுக்கும். ஆக்சிலுக்கு மேலே சேஸின் அடியில் ஒரு ரப்பர் முட்டு உண்டு. பட்டை அளவுக்கு மீறி அமுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் காப்பது அதுதான்.

முதலில் டேப், பிறகு ஸ்பானர்

வண்டியைத் தூக்க வேண்டுமா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நெல் காயப்போடும் சிமெண்ட் களம் போல மட்டமான இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். நான்கு டயரிலும் காற்று சரியான அளவில் இருக்க வேண்டும். முன்னால், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளக்க வேண்டும். பின்னால், ரப்பர் முட்டுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். நான்கு அளவையும் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பாரம் ஏற்றிய பிறகு அதே இடத்தில் நிறுத்தி மறுபடி அளக்க வேண்டும்.

இடது வலது அளவு ஒரு விரற்கடைக்கு மேல் வேறுபட்டால், தாழ்ந்த பக்கத்தில் பட்டை உடைந்திருக்கலாம், அல்லது புஷ் தேய்ந்திருக்கலாம். பட்டை அடுக்கைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் விரிசல் தெரியும். யு போல்ட் பக்கத்தில் புதிதாகத் துரு வழிந்த கோடு தெரிந்தால் அங்கே ஏதோ அசைகிறது என்று பொருள். ஆக்சில் ஒரு பக்கம் பின்தள்ளி நின்றால் சென்டர் போல்ட் அறுந்திருக்கக்கூடும். அப்படிப்பட்ட வண்டியில் பாரம் ஏற்றவே கூடாது.

ஆர்.சி. சொல்லும் கணக்கு

அடுத்த வேலை ஆர்.சி.யை எடுத்துப் பார்ப்பது. அதில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று, காலி வண்டியின் எடை. மற்றது, பாரத்தோடு சேர்ந்து வண்டி இருக்கக்கூடிய மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்ற முடிந்தது. அதில் காய் மட்டும் இல்லை, ஓட்டுநரும் உடன் வருபவர்களும் சேர்த்தி.

உதாரணத்துக்கு, மொத்த எடை 2,800 கிலோ, காலி எடை 1,550 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1,250 கிலோ. கேபினில் மூன்று பேர், ஆளுக்கு 65 கிலோ என்றால் 195 கிலோ போயிற்று. மீதி 1,055 கிலோ. மூட்டை 50 கிலோ என்றால் 21 மூட்டை. அதற்குமேல் இடமில்லை.

முப்பது மூட்டை ஏற்றினால் காய் மட்டும் 1,500 கிலோ. ஆட்களையும் சேர்த்தால் 1,695 கிலோ. அளவைவிட 445 கிலோ அதிகம். வண்டியின் மொத்த எடை 3,245 கிலோ ஆகிவிடுகிறது. அனுமதித்ததைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடுதல். அதே வேகத்தில் வரும் வண்டியை நிறுத்தப் பிரேக் செய்ய வேண்டிய வேலையும் அதே அளவு கூடுகிறது. அந்தக் கொண்டை ஊசி வளைவில் வண்டி தள்ளிப்போய் நின்றதற்கு இது ஒன்றே போதுமான காரணம். இவை உதாரண எண்கள்தான். அவரவர் ஆர்.சி.யில் இருக்கும் எண்களைப் போட்டு இதே கணக்கைப் பார்க்க வேண்டும்.

பட்டை பலவீனமா, பாரம் அதிகமா?

எல்லாவற்றுக்கும் மையமான சோதனை இதுதான். அனுமதித்த பாரத்தை மட்டும் ஏற்றி, எடை மேடையில் நிறுத்தி எடை பார்க்க வேண்டும். முடிந்தால் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு எடை எடுக்கலாம். எந்த ஆக்சில் எவ்வளவு சுமக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும். அதன்பின் மட்டமான இடத்தில் உயரத்தை அளக்க வேண்டும்.

சரியான பாரத்தில் வண்டி ஏறக்குறைய மட்டமாக நின்று, ரப்பர் முட்டுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இடைவெளி மிஞ்சியிருந்தால் பட்டை நன்றாக இருக்கிறது. அமுங்கியதற்குக் காரணம் மூட்டைகள். அதற்குப் பட்டறையில் மருந்து கிடையாது.

சரியான பாரத்திலேயே பின்பக்கம் உட்கார்ந்துவிட்டால் பட்டை தளர்ந்துவிட்டது, அல்லது உடைந்திருக்கிறது. பழைய வண்டிகளில் இது சாதாரணம். முந்தைய உரிமையாளர் பல வருடம் அளவுக்கு மீறி ஏற்றியிருந்தால் பட்டையின் வளைவு நிமிர்ந்துபோயிருக்கும். ஊரில் அதே மாடல் வண்டி வேறொன்று இருந்தால் இரண்டையும் காலியாகப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பின்னால் அளந்து பார்த்தால் போதும்.

பின்பாரமும் முன்பாரமும்

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும். முன்பாரம் ஏறினால் கழுத்தை அழுத்தும். பாரத்தைச் சரியாக வைக்கத் தெரிந்தவர்தான் நல்ல வண்டிக்காரர். பிக்கப்புக்கும் அதே கணக்கு. இங்கே மாட்டின் கழுத்துக்குப் பதில் முன் சக்கரம்.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 3 மீட்டர் என்று கொள்வோம். பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால், வால் கதவின் ஓரத்தில் 3 மூட்டை, அதாவது 150 கிலோ வைத்தால் பின் ஆக்சில் சுமப்பது 150 கிலோ இல்லை, 200 கிலோ. மிச்சம் 50 கிலோவை அது முன் சக்கரத்திலிருந்து தூக்கிவிடுகிறது. ஸ்டீயரிங் லேசாகிறது, வளைவில் வண்டி சொன்னபடி திரும்பாது, ஹெட்லைட் மேலே பார்க்கிறது. அதே 3 மூட்டையைக் கேபினை ஒட்டி அடுக்கினால் அந்தப் பாரத்தில் ஒரு பங்கை முன் சக்கரமும் சுமக்கும்.

அதனால் காசில்லாமல் செய்யக்கூடிய முதல் வேலை அடுக்கும் முறையை மாற்றுவதுதான். கனமான மூட்டைகள் கேபினை ஒட்டியும் அடியிலும், லேசானவை பின்னாலும் மேலேயும். வால் கதவைத் திறந்து போட்டு அதன்மேல் மூட்டை வைப்பதை விட்டுவிட வேண்டும்.

பட்டறையில் செய்யும் வேலைகள்

சோதனையில் பட்டைதான் குறை என்று தெரிந்தால் செய்யக்கூடியவை, பாதுகாப்பானதிலிருந்து வரிசையாக:

தேய்ந்த புஷ், ஷாக்கிள், உடைந்த பட்டை ஆகியவற்றை மாற்றி, பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது முதல் வழி. பட்டையை ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாயும்; இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். உடைந்த பட்டையை வெல்டிங் வைப்பது கூடவே கூடாது. வெல்டிங் சூட்டில் பட்டையின் பதம் போய்விடும். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி முறியும்.

நிமிர்ந்த பட்டையை மறுபடி வளைத்துக் கொடுப்பது இரண்டாவது வழி. இதில் பட்டறைக்காரரின் கைத்திறமை முக்கியம். உலையில் காய்ச்சி வளைத்துவிட்டு, மறுபடி முறையாகப் பதம் ஏற்றாமல் கொடுத்தால் சில மாதத்தில் பட்டை பழையபடி நிமிரும், அல்லது முறியும். பல வருடம் ஓடிக் களைத்த பட்டையை வளைப்பதைவிட அந்த மாடலுக்கு உரிய புது செட் போடுவதே நீடிக்கும்.

கூடுதல் பட்டை மூன்றாவது. ஒரு பட்டை சேர்த்தால் அடுக்கு விறைப்பாகும், உயரமும் கொஞ்சம் கூடும். ஆனால் காலியாகவும் அரைப் பாரத்திலும் வண்டி குதிக்கும். தக்காளி, பீன்ஸ் போன்ற காய் அடிபடும். அடுக்கின் தடிமன் கூடுவதால் பழைய யு போல்ட்டும் சென்டர் போல்ட்டும் போதாது. நீளமான புதியவை வேண்டும். பழைய யு போல்ட்டை மறுபடி போடுவது தவறு. ஒருமுறை இழுத்து இறுக்கியதன் மரை நீண்டிருக்கும். புது யு போல்ட் போட்டுச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

எத்தனை பட்டை சேர்த்தாலும் ஆக்சில் பழைய ஆக்சில்தான். டயர், பேரிங், சேஸ், பிரேக் எல்லாம் பழையவைதான். பட்டை சேர்ப்பதால் வண்டி அமுங்குவது நிற்கும். வண்டியின் பலம் கூடுவதில்லை. அமுங்கும் வண்டி, பாரம் அதிகம் என்று சொல்கிறது. பட்டை சேர்த்தால் அது சொல்வதை நிறுத்திவிடும், பாரம் அப்படியே இருக்கும்.

பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்துப் பின்பக்கத்தைத் தூக்குவது இன்னொரு முறை. கட்டையின் உயரம் எவ்வளவோ அவ்வளவு வண்டி உயரும். அந்த வேலைக்கென்று செய்த ஒரே கட்டையாக இருக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவதும் மரக்கட்டை வைப்பதும் உயிரோடு விளையாடுவது. முன் ஆக்சிலில் கட்டையே வைக்கக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது கட்டை நழுவினால் திருப்ப முடியாது. பின்னால் வைத்தாலும் பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், ஷாக் அப்சர்பர் ஆகியவற்றின் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். ஆக்சிலுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வும் மாறும். சாய்வு கூடினால் அதன் இணைப்புகள் சீக்கிரம் தேயும், வண்டி நடுங்கும்.

நீளமான ஷாக்கிள் போடுவதும் உண்டு. ஷாக்கிளை 2 அங்குலம் நீட்டினால் வண்டி ஏறக்குறைய 1 அங்குலம்தான் உயரும். ஏனென்றால் பட்டையின் ஒரு முனைதான் கீழே போகிறது. இதில் பாரம் தாங்கும் சக்தி கூடுவதே இல்லை.

பிரேக்குக்குப் பாரம் எப்படித் தெரிகிறது?

கடிதத்தின் கடைசி வரிக்கு விடை இங்கே இருக்கிறது. பல பிக்கப் வண்டிகளில் பின் பிரேக்குக்குப் போகும் வழியில் ஒரு வால்வு உண்டு. அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ பின் ஆக்சிலுக்குப் போகும். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் தெரியும். வண்டியில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று அந்த வால்வுக்குத் தெரியாது. சேஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது மட்டும்தான் தெரியும். இடைவெளி அதிகம் என்றால் வண்டி காலி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும். காலி வண்டியில் பின் சக்கரம் கட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. இடைவெளி குறைந்தால் பாரம் ஏறியிருக்கிறது என்று அழுத்தத்தைக் கூட்டும்.

பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டு முப்பது மூட்டை ஏற்றினால் என்ன ஆகும்? வண்டி அமுங்காது. இடைவெளி குறையாது. வண்டி காலியாக இருப்பதாகவே வால்வு நினைத்துக்கொள்ளும். பாரம் முழுவதும் பின் ஆக்சில் மேல் இருக்க, பின் பிரேக்கோ பாதி வேலையில் நிற்கும். நிறுத்தும் சுமை முன் பிரேக் மேல் விழும். மலை இறக்கத்தில் திரும்பத் திரும்ப மிதிக்கும்போது முன் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பார்ப்பதற்கு வண்டி மட்டமாக, அழகாக நிற்கும். ஆபத்தோ முன்பைவிட அதிகம்.

எந்தக் காரணத்துக்காகப் பின்பக்க உயரம் மாறினாலும், புது பட்டை செட் போட்டாலும்கூட, அந்த வால்வின் இணைப்பை வண்டிக் கம்பெனி சொன்ன அளவுக்குச் சரிசெய்து வாங்க வேண்டும். பட்டை வேலை செய்பவரும் பிரேக் வேலை செய்பவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பதால் இது பல இடங்களில் விடுபட்டுப்போகிறது. வண்டிக்காரர்தான் கேட்டு வாங்க வேண்டும். தளர்ந்த பட்டையிலும் இதே கதை தலைகீழாக நடக்கும். காலி வண்டியிலேயே பாரம் இருப்பதாக வால்வு நினைக்கும். மழையில் பிரேக் பிடித்தால் பின்பக்கம் பக்கவாட்டில் இழுக்கும்.

முன்பக்கத்தைத் தூக்கலாமா?

முன்னால் சில வண்டிகளில் பட்டை, சிலவற்றில் சுருள் ஸ்பிரிங், சிலவற்றில் டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பி. முறுக்குக் கம்பி உள்ள வண்டியில் ஒரு போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் உயரும். எளிதாக இருப்பதால் பலரும் செய்கிறார்கள். அதனால் கம்பியின் பலம் கூடுவதில்லை. சக்கரம் கீழே இறங்கப் போதுமான இடம் இல்லாமல் போகிறது; குழியில் இறங்கும்போது தட்டும். சக்கரக் கோணங்கள் மாறுவதால் டயர் ஓரம் தேயும், ஸ்டீயரிங் இழுக்கும். தளர்ந்த முன்பக்கத்தைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது மட்டும் நியாயம். எந்த வகை முன்பக்கமாக இருந்தாலும், உயரத்தை மாற்றிய அன்றே வீல் அலைன்மெண்டும் ஹெட்லைட் உயரமும் சரிபார்க்க வேண்டும்.

அடியில் இடிப்பதற்கு என்ன வழி?

பட்டையைச் சேர்த்தாலும் கட்டை வைத்தாலும் உயருவது சேஸும் அதன்மேல் இருக்கும் உடலும்தான். பின் ஆக்சிலின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல், டயரோடு சேர்ந்து தரையிலேயே இருக்கிறது. அது ஒரு அங்குலம்கூட உயராது. பெரிய டயர் போட்டால்தான் உயரும்; அதற்கு வேறு தொல்லைகள் உண்டு.

நடுமேட்டுத் தடத்தில் எது இடிக்கிறது என்று முதலில் குனிந்து பார்க்க வேண்டும். டிஃபரன்ஷியலின் அடியில் புதுக் கீறல் இருந்தால் வண்டியைத் தூக்குவதால் பயன் இல்லை. மண்வெட்டியால் நடுமேட்டைச் செதுக்கி, இரண்டு சக்கரத் தடத்திலும் கல்லும் கிராவலும் போட்டு நிரப்புவதே வைத்தியம். மழைத் தண்ணீர் தடத்தில் ஓடாமல் ஓரத்தில் ஒரு வடிகால் வெட்டிவிட்டால் நிரப்பியது அடுத்த மழைக்கும் நிற்கும். அந்தத் தடத்தில் வரும் டிராக்டருக்கும் பக்கத்துத் தோட்டத்து வண்டிக்கும் அதே வேலை உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். அதே மாடலுக்கு உரிய பட்டையைப் போட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பழுது பார்ப்பது, அதில் தவறில்லை. அதிகப் பாரத்துக்கு 194-ஆம் பிரிவு 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என்கிறது. பட்டை சேர்ப்பதால் ஆர்.சி.யில் எழுதிய எடை மாறாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இந்த இரண்டையும்தான்.

அந்தக் குடும்பம் என்ன செய்யலாம்?

பட்டறைக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒருநாள் எடை மேடைக்குப் போக வேண்டும். அன்று ஆர்.சி. கணக்குப்படி மட்டும் மூட்டை ஏற்றி, அளந்து பார்க்க வேண்டும். பட்டை தளர்ந்திருந்தால் அந்த மாடலுக்கு உரிய செட், புது யு போல்ட், புஷ், பிரேக் வால்வு சரிசெய்தல் எல்லாம் ஒரே நாளில். எப்படி இருந்தாலும் பிரேக் லைனிங், பிரேக் ஆயில், ஹோஸ் மூன்றையும் அடுத்த நடைக்கு முன் பார்த்துவிட வேண்டும். வண்டி நினைத்த இடத்தில் நிற்காததை ஒருமுறை பார்த்த பிறகு தள்ளிப்போடக் கூடாது. இறக்கத்தில் ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டக் கூடாது.

மூட்டை குறைந்தால் வருமானம் குறையும் என்ற கவலை நியாயமானது. வாரம் 60 மூட்டை போக வேண்டும் என்றால் இரண்டு நடை மூன்று நடையாகும். ஒரு நடை டீசலும் ஒரு பகலும் கூடுதல் செலவு. அந்தச் செலவைக் குறைக்க வழிகள் உண்டு. கேபினில் மூன்று பேருக்குப் பதில் இரண்டு பேர் போனால் அதே கணக்கில் ஒரு மூட்டை கூடுதலாக ஏறும். முளைவிட்ட காய், அடிபட்ட காய், முற்றல் ஆகியவற்றைத் தோட்டத்திலேயே கழித்துவிட்டால் விலை போகாத பாரத்தைச் சுமக்க வேண்டாம். மீதி மூட்டைகளைப் பக்கத்துத் தோட்டத்து வண்டியில் வாடகை பேசி ஏற்றிவிட்டு, அவர்களுக்குத் தேவைப்படும் நாளில் இவர்கள் ஏற்றிக்கொடுக்கலாம். கூடுதல் நடையின் டீசல் செலவு வாராவாரம் கண்ணுக்குத் தெரிகிறது. டயர், பேரிங், கிளட்ச், பட்டை என்று அதிகப் பாரம் தின்னும் காசு மொத்தமாக ஒருநாள் வரும். இரண்டையும் ஆறு மாதம் நோட்டில் எழுதிப் பார்த்தால் எது மலிவு என்று கணவருக்கும் தெரிந்துவிடும்.

சுருக்கமாகச் சில கேள்விகள்

பட்டைக்கு நடுவே பழைய இன்ஜின் ஆயில் அடிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். ஆயில் ரப்பர் புஷ்ஷைக் கெடுக்கும். மேலே தூசியும் மண்ணும் ஒட்டிப் பட்டையை அரம்போல் தேய்க்கும். வாரம் ஒருமுறை சேற்றைக் கழுவினால் போதும். அடுக்கைக் கழற்றும் சமயத்தில் மட்டும், கம்பெனி சொல்லியிருந்தால், பட்டைக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவலாம்.

பட்டை வேலையை வீட்டிலேயே செய்யலாமா என்று இன்னொருவர். பார்ப்பது, அளப்பது, கழுவுவது வரை வீட்டில் செய்யலாம். கழற்றுவதைப் பட்டறைக்கு விட வேண்டும். அடுக்கு அழுத்தத்தில் இருக்கும். கிளாம்ப் போட்டுப் பிடிக்காமல் சென்டர் போல்ட்டைக் கழற்றினால் பட்டை தெறிக்கும். அடியில் பார்க்கும்போதும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சேஸுக்கு உறுதியான ஸ்டாண்டு கொடுத்த பிறகே படுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது.